பரீட்சை மேசையில் ஒரு பாரை மீன்

பரீட்சையன்று பூரணிக்கு முப்பத்தைந்து வயது நிரம்ப இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. மற்றப் பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள். இவள் நாட்காட்டியில் நாளுக்கொரு கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து நிரம்பிவிட்டால் ஆசிரிய நியமனத்துக்கான பரீட்சை எதிலும் உட்கார முடியாது என்பது சட்டம். அரசாங்கத்தின் கண்ணில் அன்றோடு அவள் கிழவி.

ஏழு வருடமாக அவள் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால், வரவுப் புத்தகத்தில் பெயர் இருக்கும், சம்பளப் பட்டியலில் இருக்காது. தொண்ணூறாம் ஆண்டுப் போர்க் குழப்பத்தோடு வெளியூர் ஆசிரியர்கள் திருகோணமலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கப் பயந்தபோது, பள்ளிக்கூடங்களை இழுத்துக்கொண்டு போனவர்கள் இவளைப் போன்றவர்கள்தான். நியமனம் வரும் வரும் என்று சொன்ன மந்திரிகள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். கடைசியில், தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆனி மாதத்தில், யாரும் எதிர்பாராமல் ஒரு கடிதம் வந்தது. சித்திரம் படிப்பிக்கும் தொண்டர் ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறைப் பரீட்சை. பென்சிலாலும் கரியாலும் இரண்டு படம் கீற வேண்டும். முதலாவது, மேசையில் வைக்கப்படும் பொருட்கள். இரண்டாவது, எதிரே இருத்தப்படும் ஓர் ஆளின் முகம். விடைத்தாள்கள் உறையிட்டு அரக்கு வைத்துக் கொழும்புக்குப் போகும். அங்கே மூன்று பேர் பார்த்துத் தேறியவர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுப்பார்கள்.

பூரணி சல்லி என்ற கரையோரக் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். இப்போது நகரத்தில், கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து இருந்தாள். கீறுகிற கரியை அவளே சுட்டுக்கொள்வாள். பூவரசங் குச்சிகளைத் தோலுரித்துப் பால்மாத் தகரப் பேணிக்குள் அடுக்கி, மூடியைக் களிமண்ணால் பூசி, அடுப்புத் தணலுக்குள் புதைத்துவிட்டால் இரண்டு மணித்தியாலத்தில் கன்னங்கரேலென்று பதமான கரி வந்துவிடும். சோதனைச்சாவடியில் அந்தப் பேணியைத் திறக்கும் ஆமிக்காரனுக்கு அது வெடிமருந்து இல்லை என்று காட்டுவதற்காக, தன் உள்ளங்கையிலேயே ஒரு பூனையைக் கீறிக் காட்டுவாள். சாவடியில் ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பூனை.

கரிக்கோட்டை அழிக்க அவள் றப்பர் பாவிப்பதில்லை. றப்பர் கரியை இழுசிக் கடதாசியை ஊத்தையாக்கிவிடும். அதற்குப் பேக்கரிப் பாண்தான் சரி. பாணின் வெள்ளைச் சதையைப் பிய்த்து, உருட்டிப் பிசைந்து ஒற்றினால் கரி அதோடு போய்விடும், கடதாசி பளிச்சென்று வெளுக்கும். மிஞ்சுகிற கரைப்பாணை அவள் வகுப்பு யன்னலால் வெளியே எறிவாள். எறிந்தால் மான்கள் வந்து தின்னும். திருகோணமலையில் மான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்து கடற்கரையிலும் கடைவாசலிலும் ஊர்மாடு போலத் திரியும், மரக்கறிக்காரன் கண் அசந்தால் கூடையைக் காலி பண்ணும். பூரணியின் யன்னலடிக்கு வருகிற மான்களுக்கு அவளுடைய நேரசூசி மனப்பாடம்.

இந்தப் பாண் விடயம்தான் பரீட்சையன்று அவள் தலையில் வந்து விடிந்தது.

பரீட்சை அவளுடைய பள்ளிக்கூட மண்டபத்திலேயே நடந்தது. மாவட்டம் முழுவதிலுமிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். வாசலோரக் கதிரை கிண்ணியாவிலிருந்து வந்த றஊபுக்குக் கிடைத்தது. மெல்லிய, பயந்த சுபாவமுள்ள மனிதர். பென்சில் சீவுவதிலேயே அரைவாசிப் பென்சிலை முடித்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில், யன்னலோரம், பூரணி. மேற்பார்வைக்கு வந்தவர் சோமசேகரம் என்ற ஓய்வுபெற்ற அதிபர். சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர் என்று பெயர் எடுத்தவர். மேசையில் வெள்ளைத்துணி விரித்து, அதன் மேல் ஒரு மண்பானை, ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம், நாலு கத்தரிக்காய் எல்லாவற்றையும் தன் கையாலேயே அடுக்கி, தள்ளி நின்று பார்த்து, ஒரு கத்தரிக்காயை அரை அங்குலம் நகர்த்தி வைத்தார். வைத்ததை வைத்தபடி கீற வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று ஒருதரம் சொன்னார். பிறகு அதையே வாசித்தும் காட்டினார்.

பூரணி கரியை எடுத்தாள். முதற்கோடு கோணிப் போக, பையிலிருந்த பாணை எடுத்துப் பிய்த்தாள். மனம் பானையின் கழுத்திலும் கண் வாழைப்பழத்திலும் இருந்தன. கை மட்டும் தன்பாட்டில் ஏழு வருடப் பழக்கத்தைச் செய்தது. கரைப்பாண் யன்னலால் வெளியே போய் விழுந்ததை அவள் உணரவேயில்லை.

கால் மணித்தியாலம் கழித்து வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. நல்ல கொம்புள்ள கலைமான் ஒன்று, பரீட்சைக்குப் பிந்தி வந்தவர் போல நிதானமாக உள்ளே வந்தது. நேரே பூரணியிடம் போய் மடியிலிருந்த மிச்சப் பாணைத் தின்றது. பிறகு தலையைத் தூக்கிப் பார்த்து, மேசையை நோக்கி நடந்தது. சோமசேகரம் "சூ" என்றார். அது அவரை மதிக்கவேயில்லை. முழுச் சீப்பு வாழைப்பழத்தையும் தோலோடு தின்றது, கத்தரிக்காய் இரண்டைக் கடித்தது. காவற்காரர் வல்லிபுரம் விளக்குமாறோடு ஓடிவந்தபோதுதான் அது வெருண்டு திரும்பியது. திரும்பிய வேகத்தில் கொம்பு துணியில் சிக்க, பானை நிலத்தில் விழுந்து சுக்குநூறானது. மான் துணியைத் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு வெளியேறி, கடற்கரை வீதியால் ஓடிற்று. சந்திக் காவலரணில் நின்ற ஆமிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தது மண்டபம் வரைக்கும் கேட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதுதான். இங்கே தாழி உண்மையாகவே உடைந்து கிடந்தது.

சோமசேகரத்தின் முகம் சிவந்துவிட்டது. மண்டபத்துக்குள் தின்பண்டம் கொண்டுவந்தது யார் என்று கேட்டார். அவருடைய பார்வை வாசலோரம் இருந்த றஊபில் போய் நின்றது. றஊபுக்கு வேர்த்துக் கொட்டியது. பூரணியின் பாணை அவர் பார்த்திருந்தார். ஆனாலும் அவளைக் காட்டிக்கொடுக்காமல், தன் வெறும் கைகளையே பார்த்துக்கொண்டு இருந்தார். அதைக் கண்ட பிறகு பூரணியால் கதிரையில் இருக்க முடியவில்லை.

"பாண் என்ர சேர்," என்று எழும்பினாள். "கரி அழிக்கக் கொண்டுவந்தனான். கரைப்பாணை வெளியில எறிஞ்சதும் நான்தான். அவருக்கு ஒண்டும் தெரியாது."

சோமசேகரம் பேனையைத் திறந்தார். நடந்தது நடந்தபடி எழுதி, பரீட்சையை ஒத்திவைக்கச் சொல்லி அனுப்பப்போவதாகச் சொன்னார். அதை அவர் கோபத்தில் சொல்லவில்லை, சட்டம் அப்படி என்றுதான் சொன்னார். மறுபடி எப்போது நடக்கும் என்று ஒருவர் கேட்க, அடுத்த வருடமாக இருக்கலாம், அதற்கடுத்ததாகவும் இருக்கலாம் என்றார். மற்ற ஐந்து பேருக்கும் அடுத்த வருடம் என்று ஒன்று இருந்தது. பூரணிக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது. ஏழு வருடத்தை ஒரு துண்டுப் பாணோடு மானுக்குத் தின்னக் கொடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. அழுதால் கரி பட்ட கையால் கண்ணைத் துடைக்க வேண்டிவரும், பிறகு முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

"சேர், மேசையில வைக்க வேற சாமான் கிடைச்சால் நடத்தலாம்தானே?" என்று கேட்டாள். "இன்ன பொருள்தான் வைக்க வேணுமெண்டு சட்டத்தில இருக்கோ?"

சோமசேகரம் புத்தகத்தைப் புரட்டினார். இருக்கவில்லை. 'பொருத்தமான பொருட்கள்' என்றுதான் போட்டிருந்தது. ஆனால் பொருளுக்கு எங்கே போவது? காலையில் எங்கோ ஒரு வெடிச்சத்தம் கேட்டதென்று ஒன்பது மணிக்கே சந்தையிலிருந்து பெட்டிக்கடை வரை எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஒவ்வொருவரும் தங்கள் பையைத் துழாவினார்கள். ஒரு சோடாப் போத்தல் வந்தது, ஒரு குடை வந்தது. அப்போதுதான் பூரணியின் மூக்கில் ஒரு வாசம் பட்டது. சல்லியில் பிறந்த மூக்கு பொய் சொல்லாது. வல்லிபுரத்தின் அறைப்பக்கம் திரும்பி, "அண்ணை, உங்களிட்டை மீன் இருக்குதல்லோ?" என்றாள்.

வல்லிபுரம் திருடன் பிடிபட்டது போல விழித்தார். இருந்தது. விடிய வேலைக்கு வரும் வழியில் கரையில் வாங்கிய பாரை, இரண்டு கிலோவுக்குக் குறையாது. நேவிக்காரன் கடலுக்குப் போக நேரம் குறித்துக் கொடுத்திருந்த அந்த நாட்களில் அப்படியொரு மீன் அகப்படுவது சின்ன அதிர்ஷ்டம் இல்லை. ஈரச் சாக்கால் மூடித் தண்ணீர்ப் பீப்பாவின் அருகில் ஒளித்து வைத்திருந்தார். வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், மனுசி கொன்றுபோடும் என்று முனகினார். ஆனால் ஆறு ஆசிரியர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நிற்கும்போது ஒரு காவற்காரர் என்ன செய்வார்? பாரை மீன் ஒரு தட்டில் மேசைக்கு ஏறியது. பக்கத்தில் சோடாப் போத்தல், பின்னால் விரித்த குடை. சோமசேகரம் எல்லோரிடமும் சம்மதமென்று கையெழுத்து வாங்கினார், தள்ளி நின்று பார்த்தார், மீனின் வாலை அரை அங்குலம் நகர்த்தினார்.

அதன் பிறகு பூரணிக்கு ஒரு கோடும் கோணவில்லை. மற்றவர்கள் மீனுக்குச் செதில் செதிலாகப் போட்டுத் திணறிக்கொண்டிருக்க, அவள் பென்சிலால் இலேசாக உடம்பின் வளைவை எடுத்தாள். பிறகு கரியைப் படுக்க வைத்து முதுகின் இருட்டை ஒரே இழுவையில் இழுத்து விரலால் தேய்த்தாள். ஈர மினுக்கத்துக்கு மட்டும் கடதாசியை வெள்ளையாக விட்டாள். செவுள் எங்கே மூடும், முள்ளுத்தகடு வாலருகில் எங்கே தடித்துவரும் என்பதெல்லாம் அவளுக்கு எழுத்துத் தெரியும் முன்பே தெரிந்த சங்கதி.

பதினொன்றுக்குக் கால் மணி இருக்க வாசலில் மறுபடி சத்தம். இந்த முறை மான் இல்லை. வல்லிபுரத்தின் மனைவி தங்கரத்தினம், பாலையூற்றிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, மீன் எங்க? கந்தளாயால தம்பியாக்கள் வந்து ஒரு மணித்தியாலமாச்சு. நான் வெறுஞ்சட்டியை வைச்சுக்கொண்டு இருக்கிறன்," என்றவள், ஆறு பேர் சுற்றியிருந்து தன் மீனை உற்றுப் பார்ப்பதைக் கண்டு படியிலேயே நின்றுவிட்டாள்.

சோமசேகரம் விளக்கினார். பத்து நிமிடம் என்று கெஞ்சினார். தங்கரத்தினம் யோசித்தாள். பத்து நிமிடம் தருவாள், ஆனால் மீனை விட்டு அசையமாட்டாள். ஒரு கதிரையை இழுத்து மேசையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, ஈ கலைத்தாள். பத்து நிமிடம் முடிந்ததும் மீனைத் தட்டோடு தூக்கினாள். பூரணியின் படம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. மற்றவர்களும் ஒருமாதிரி முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது படத்துக்கு முகம் கொடுக்க வேண்டியவர் வல்லிபுரம்தான். அதற்காகவே அன்று காலையில் முகச்சவரம் செய்து, வெளுத்த சேட்டுப் போட்டு வந்திருந்தார். ஆனால் கதிரையில் இருந்தால் ஐந்தாவது நிமிடம் அவர் உறங்கிவிடுவார் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். பூரணியின் கண்ணோ இவ்வளவு நேரமும் ஈ கலைத்துக்கொண்டிருந்த அந்த முகத்தை விட்டு நகரவில்லை. அக்கா இருக்கட்டுமே என்று அவள் மெல்லக் கேட்டாள். சோமசேகரம் புத்தகத்தைப் பார்த்தார். 'வளர்ந்த ஒருவர்' என்றுதான் இருந்தது.

தங்கரத்தினம் வெட்கத்தோடு மறுத்தாள், பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். சம்மதம் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? மீனை அவள் புருசனின் கையில் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டி வைக்கச் சொன்னாள். சவரம் செய்த முகத்தோடு வல்லிபுரம் மீன் சுமந்துகொண்டு படி இறங்கியதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

முதல் பத்து நிமிடம் தங்கரத்தினம் மூச்சு விடாமல் சிலையாக இருந்தாள். பூரணி அப்போது கீறியதையெல்லாம் ஒற்றி ஒற்றி அழித்தாள். பாணை மான் தின்றுவிட்டதால் சேலைத் தலைப்பால் அழித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கரத்தினத்தின் நினைவு குசினிக்குப் போயிற்று. மனுசன் செவுளைக் கழுவியிருப்பானோ, புளி ஊறப்போட்டிருப்பானோ என்று முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது. நடுவில் ஒருதரம் அவள் பூரணியின் ஒட்டிய கன்னத்தைக் கண்டாள். உடனே நிமிர்ந்து, நேருக்கு நேர் பார்த்து, "பிள்ளை, நீர் காலமை ஏதும் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டாள்.

பூரணி கடதாசியில் குனிந்தாள். அந்தப் பார்வை போய்விடுவதற்கு முன் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது. கரி அவள் கையில் தானாக ஓடிற்று.

நேரம் முடிந்ததென்று மணி அடித்ததும் தங்கரத்தினம் எழும்பி ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். றஊப் மரியாதைக்காக அவளுக்கு இருபது வயது குறைத்திருந்தார். இது தன் மகள் என்று அவள் சிரித்தாள். இன்னொருவர் கீறியதைத் தன் மாமியார் என்றாள். பூரணியின் மேசைக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"தொண்ணூறில வீடு எரிஞ்சது. கலியாணப் படம், பிள்ளையளின்ர படம், எல்லாம் அதோட போச்சு," என்றாள். "இப்ப என்னட்ட இருக்கிறது அடையாள அட்டையில இருக்கிற முகம்தான். அது பயந்து போய்க் குனிஞ்ச முகம். இது நான். இதை எனக்குத் தாரும் பிள்ளை."

சொல்லிக்கொண்டே கடதாசியைச் சுருட்டவும் தொடங்கிவிட்டாள். சோமசேகரம் பதறிப்போய், அது விடைத்தாள், அரசாங்கச் சொத்து, கொழும்புக்குப் போக வேண்டியது என்று கையை நீட்டினார். தங்கரத்தினம் அவரைப் பார்க்கவேயில்லை. பூரணியைத்தான் பார்த்தாள்.

கொடுத்துவிடு என்று பூரணிக்குள் ஒரு குரல் சொன்னது. கொடுக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் நெருப்புக்குக் கொடுத்த ஒருத்தி தன் முகத்தைக் கேட்கும்போது, கொடுக்க முடியாமல் நிற்கிறேனே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்லவும் வரவில்லை.

"அக்கா, இது போனால் எனக்கு வேலை இல்லை," என்றாள். "பிறகு பரீட்சையும் இல்லை. வயது முடியுது. உங்களுக்கு வேற ஒண்டு, இதைவிடப் பெரிசாக் கீறித் தாறன்."

"மற்றது இப்பிடி வராது. அண்டைக்கு நான் பவுடர் போட்டுக்கொண்டெல்லோ இருப்பன்," என்றாள் தங்கரத்தினம். பிறகு சுருளை மெல்ல விரித்து, மேசையில் வைத்துத் தடவி நேராக்கினாள். "சரி, போகட்டும். நான் கொழும்புக்குப் போறதெண்டால் சாவடிக்குச் சாவடி இறங்க வேணும், ஏன் வந்தனீ எதுக்கு வந்தனீ எண்டு கேப்பாங்கள், பொலிசில பதிய வேணும். என்ர முகமாவது ஒருத்தருக்கும் பதில் சொல்லாமல் போய் வரட்டும்."

சோமசேகரம் எல்லா விடைத்தாளையும் உறையிலிட்டு அரக்கை உருக்கினார். அவருடைய கண்ணாடி ஏனோ பனித்திருந்தது. மெழுகுதிரிப் புகை என்றார். மானைப் பற்றி அறிக்கையில் என்ன எழுதினார் என்று கடைசிவரை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

நியமனக் கடிதம் நாலு மாதம் கழித்து, ஐப்பசி மழைக்குள், ஒரு மூலை நனைந்தபடி வந்தது. றஊபுக்கும் ஒன்று வந்திருந்தது. பூரணி கடிதத்தைப் பிரித்துப் படித்தாள், அழுதாள், சிரித்தாள், குடையை எடுத்துக்கொண்டு நேரே பாலையூற்றுக்கு நடந்தாள்.

தங்கரத்தினம் வாசலில் நின்று கடிதத்தைக் கையில் வாங்கினாள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்த அது அவளுக்கு விளங்கவில்லை. வேலை கிடைத்ததென்று பூரணி சொன்னதற்கு, அது தெரிந்த விடயம்தானே என்பது போலத் தலையாட்டினாள். அவளுக்குத் தெரிய வேண்டியது வேறொன்றாக இருந்தது.

"கொழும்பில என்னை ஆர் ஆர் பார்த்தவை?"

பூரணி கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்துகளைக் காட்டினாள். "மூண்டு பேர் அக்கா. பெரிய அதிகாரிமார். உங்களைப் பார்த்துத்தான் எனக்கு இதைப் போட்டுத் தந்தவை."

தங்கரத்தினம் ஒவ்வொரு கையெழுத்தின் மேலும் விரலை வைத்து மெதுவாகத் தடவினாள்.

"போடத்தானே வேணும்," என்றாள். "நான் அவை மூண்டு பேரையும் நிமிந்து நேரா எல்லோ பார்த்தனான்."